பயணத்துக்கு எந்த அடுப்பு?

விடுமுறை வந்தால் வீட்டில் ஒரே பரபரப்பு! வேன் பேசுகிறோம். மூட்டை கட்டுகிறோம். கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு, பழனி என்று புறப்படுகிறோம்.

பாய், தலையணை, போர்வை, தண்ணீர்க் குடம் எல்லாம் வேனில் ஏறுகின்றன. கடைசியில் ஓர் அடுப்பும் ஏறுகிறது.

எந்த அடுப்பு? வீட்டில் எது கையில் கிடைக்கிறதோ, அது! சிலர் 14.2 கிலோ சமையல் சிலிண்டரையே தூக்கி வேனில் படுக்க வைத்து விடுகிறார்கள். சிலர் பக்கத்துக் கடையில் முத்திரை இல்லாத சின்ன சிலிண்டர் ஒன்றை வாங்கிக் கொள்கிறார்கள்.

இது சரியல்ல. வீட்டு அடுப்பு வீட்டுக்கு. பயணத்துக்கு வேறு அடுப்பு வேண்டும். அது சிறியதாக இருக்க வேண்டும்; உறுதியாகவும் இருக்க வேண்டும். அதை எங்கே பற்ற வைக்கலாம், எங்கே பற்ற வைக்கக் கூடாது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஓர் அடுப்புக்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்கலாம். அடுப்பு என்றால் சின்ன விஷயம்தான். ஆனால் அதில் இருப்பது நெருப்பு அல்லவா?

மதுரையில் நடந்தது

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26-ந் தேதி, அதிகாலை நேரம். மதுரை ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுலா ரெயில் பெட்டி நின்று கொண்டிருந்தது. லக்னோவில் இருந்து தெற்கே யாத்திரை வந்தவர்கள் அதில் இருந்தார்கள்.

பெட்டிக்குள் ஒரு கேஸ் சிலிண்டர் இருந்தது. ரெயிலில் கொண்டு வரக் கூடாத பொருள் அது. காலை நேரத்தில் டீ போடுவதற்காக அடுப்பு பற்ற வைக்கப்பட்டது. தீ பிடித்தது. 9 பேர் உயிர் இழந்தார்கள்.

கோவில் குளம் பார்த்துப் புண்ணியம் தேட வந்தவர்கள் அவர்கள். ஒரு வாய் டீக்கு எவ்வளவு பெரிய விலை!

ரெயிலில் கேஸ் சிலிண்டர், மண்எண்ணெய், பெட்ரோல், பட்டாசு எதையும் கொண்டு போகக் கூடாது. இது 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டம். மீறினால் 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனை கிடைக்கலாம். எனவே ரெயிலில் போகிறவர்களுக்கு "எந்த அடுப்பு?" என்ற கேள்வியே கிடையாது. அடுப்பே கூடாது. அவ்வளவுதான்!

இனி, வேனிலும் காரிலும் போகிறவர்களைப் பற்றிப் பார்ப்போம்.

எரிவது ஆவி!

நல்ல அடுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், அடுப்பு எப்படி எரிகிறது என்று தெரிய வேண்டும்.

மண்எண்ணெய் அடுப்பில் எரிவது எண்ணெய் என்று நினைக்கிறோம். அது சரியல்ல. எண்ணெய் முதலில் ஆவியாகிறது. அந்த ஆவி காற்றோடு கலந்து எரிகிறது. கேஸ் அடுப்பிலும் அப்படித்தான். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகி வெளியே வந்தால்தான் எரியும்.

ஆகவே, அடுப்பு என்பது ஆவியாக்கும் கருவி. நன்றாக ஆவியாக்கினால் நீல நிறத் தீ வரும். சரியாக ஆவியாக்காவிட்டால் மஞ்சள் தீ வரும். பாத்திரம் கரி பிடிக்கும்.

இந்த உண்மையைப் பயன்படுத்தி 1892-ம் ஆண்டு ஓர் அடுப்பு செய்தார், சுவீடன் நாட்டைச் சேர்ந்த பிரான்ஸ் லிண்ட்குவிஸ்ட். அதில் திரி கிடையாது. பம்பு அடித்தால் மண்எண்ணெய் மேலே ஏறும். சூடான குழாயில் ஆவியாகும். "புஸ்" என்ற சத்தத்தோடு நீலத் தீ எரியும். அதுதான் "பிரைமஸ்" அடுப்பு. நம் பாட்டிமார்கள் ஸ்டவ் பின் வைத்துக் குத்திக் குத்தி எரித்தார்களே, அந்தப் பம்பு ஸ்டவ்வின் மூதாதை அதுவே.

33 ஆண்டுக்குப் பிறகும் எரிந்தது!

அந்த அடுப்பின் உறுதிக்கு ஒரு கதை சொல்வார்கள். கதை அல்ல, நடந்த சம்பவம்.

1897-ம் ஆண்டு ஆந்திரே என்ற சுவீடன் நாட்டுக்காரர், இரண்டு துணைவர்களோடு பலூனில் ஏறி வட துருவத்துக்குப் புறப்பட்டார். பலூன் பனியில் இறங்கி விட்டது. மூவரும் திரும்பவில்லை. 1930-ம் ஆண்டு ஒரு பனித் தீவில் அவர்களுடைய உடல்களும் பொருள்களும் கிடைத்தன. அவற்றில் ஒரு பிரைமஸ் அடுப்பும் இருந்தது. 33 ஆண்டுக் காலம் பனியில் கிடந்த அந்த அடுப்பு, அப்போதும் வேலை செய்யும் நிலையில் இருந்தது!

எவரெஸ்ட் சிகரத்தில் ஏறிய எட்மண்ட் ஹில்லாரி, டென்சிங் இருவருக்கும் இந்த அடுப்பே கை கொடுத்தது. 1953-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி காலையில் கூடாரத்தில் கண் விழித்த ஹில்லாரி, தன் பூட்ஸ் கல்லாக உறைந்து கிடப்பதைக் கண்டார். அதை அடுப்புத் தீயில் காட்டி இளக்கி எடுத்த பிறகுதான் அவரால் புறப்பட முடிந்தது. அன்று பகலில் இருவரும் சிகரத்தைத் தொட்டார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பயண அடுப்புக்குப் பளபளப்பு தேவை இல்லை. பாகங்கள் குறைவாக இருக்க வேண்டும். கழற்றி மாட்டச் சுலபமாக இருக்க வேண்டும். கீழே விழுந்தால் நெளியலாம், உடையக் கூடாது.

இன்றைய கேஸ் அடுப்பு

இன்று பம்பு ஸ்டவ்வைத் தேடி அலைய வேண்டாம். மண்எண்ணெய் கிடைப்பதும் அரிதாகி விட்டது. கடைகளில் இப்போது இரண்டு வகைச் சிறிய கேஸ் அடுப்புகள் கிடைக்கின்றன.

ஒன்று, பெட்டி போன்ற தட்டையான அடுப்பு. பக்கத்தில் ஒரு கேஸ் டப்பாவைப் படுக்க வைத்து மாட்டலாம். மற்றொன்று, டப்பாவின் தலையில் திருகும் குட்டி அடுப்பு. மடித்தால் உள்ளங்கையில் அடங்கி விடும்.

எது நல்லது?

தனியாக முதுகில் பை சுமந்து போகிற இளைஞனுக்குக் குட்டி அடுப்பு போதும். ஒரு டம்ளர் டீ, ஒரு கிண்ணம் கஞ்சி, அதற்கு மேல் அவனுக்கு என்ன வேண்டும்?

குடும்பத்துக்கு அது உதவாது. உயரமான டப்பா, அதன் மேல் அடுப்பு, அதன் மேல் சோற்றுப் பானை! குழந்தை ஓடி வந்து இடித்தால் கொதிக்கிற கஞ்சி யார் மேல் விழும்? குடும்பத்துக்கு உகந்தது, தரையோடு தரையாக உட்காரும் தட்டை அடுப்புதான்.

ஆனால் அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அகலமான தோசைக்கல்லையோ பெரிய அண்டாவையோ அதன் மேல் வைக்கக் கூடாது. பாத்திரத்தின் விளிம்பு டப்பா இருக்கும் பக்கம் நீண்டால், சூடு கீழே அடித்து டப்பா கொதிக்கும். உள்ளே அழுத்தம் ஏறும். டப்பா வெடிக்கும். இரண்டு அடுப்புகளைச் சேர்த்து வைத்து ஒரு பெரிய கல்லைப் போடுவது அதைவிட மோசம். காற்றுக்கு மறைப்பு வைப்பதாக நினைத்து, டப்பாவைச் சுற்றிலும் தகரத்தால் மூடுவதும் தவறு.

தீர்ந்து போன டப்பாவில் பெரிய சிலிண்டரில் இருந்து கேஸ் நிரப்பித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். காசு மிச்சம் என்று ஏமாற வேண்டாம். அந்த டப்பா ஒரு முறை பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்டது. முத்திரை இல்லாத சிலிண்டரும் அப்படியே. அதன் இரும்பு எத்தனை கனம், அதன் வால்வு எத்தனை நாள் தாங்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஐந்து கிலோ சிலிண்டர்தான் வேண்டுமென்றால், அரசாங்க எண்ணெய்க் கம்பெனிகளே அதை விற்கின்றன. அதை வாங்குங்கள். நிறுத்தி வைத்தே கொண்டு போங்கள். படுக்க வைக்காதீர்கள்.

ஊட்டிக் குளிரில் ஒரு தொல்லை

ஊரில் நன்றாக எரிந்த அடுப்பு, ஊட்டிக்குப் போனதும் சோம்பி விடுகிறது. "டப்பா மோசம்" என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். பாவம், அவர் என்ன செய்வார்?

பல டப்பாக்களில் இருப்பது பியூட்டேன் என்னும் வாயு. அது கிட்டத்தட்ட 0 டிகிரியில்தான் ஆவியாகத் தொடங்கும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுகிறது. அந்தக் குளிரில் பியூட்டேன் திரவமாகவே உட்கார்ந்து விடும். ஆவி இல்லாவிட்டால் தீ ஏது?

புரோப்பேன் என்ற வாயு அப்படி அல்ல. அது பூச்சியத்துக்குக் கீழே 42 டிகிரிக் குளிரிலும் ஆவியாகும். ஆகவே குளிர் மலைக்குப் போகிறவர்கள், இரண்டும் கலந்த டப்பாவைக் கேட்டு வாங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் டப்பாவை இரவில் வெளியே விடாமல் போர்வையில் சுற்றி வையுங்கள். எக்காரணத்தைக் கொண்டும் டப்பாவை நெருப்பில் காட்டிச் சூடாக்கக் கூடாது!

மலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. சோறு சீக்கிரம் வேகாது. உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்து விடுகிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது 93 டிகிரி அளவிலேயே கொதிக்கும். கொதிப்பதைப் பார்த்தால் பலமாகத்தான் தெரியும். ஆனால் சூடு குறைவு. அரிசி அரை வேக்காட்டில் நிற்கும்.

இதற்கு மருந்து ஒரு சின்ன பிரஷர் குக்கர். 3 லிட்டர் குக்கர் போதும். நேரமும் மிச்சம், கேசும் மிச்சம்.

கணக்கு என்ன?

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க, காற்று இல்லாத இடத்தில் 10 முதல் 15 கிராம் வரை கேஸ் செலவாகும். காற்று வீசினால் இரு மடங்கு கூட ஆகலாம்.

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு வேளை டீ, குழந்தைக்குப் பால், ஒரு வேளை சோறு, ஒரு ரசம். சுமார் 100 கிராம் ஆகும். 220 கிராம் டப்பா ஒன்று இரண்டு நாளைக்கு வரும். கூடுதலாக ஒன்று வைத்துக் கொண்டால் கவலை இல்லை. பத்து டப்பாக்களைச் சுமந்து போக வேண்டாம். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் டப்பாவை விட்டு வைக்கவும் வேண்டாம்.

வாங்கும்போது கவனியுங்கள்!

கடையில் அடுப்பை எடுத்துக் காட்டும்போது வர்ணத்தைப் பார்த்து மயங்காதீர்கள். இந்த ஆறையும் பாருங்கள்:

1. அடி அகலமாக இருக்கிறதா? தரையில் வைத்து விரலால் தள்ளிப் பாருங்கள். ஆடக் கூடாது.

2. பாத்திரம் தாங்கும் கால்கள் தடித்த கம்பியா, மெல்லிய தகரமா? தண்ணீர் நிறைந்த குக்கரைத் தாங்க வேண்டும்.

3. திருகு மெதுவாகத் திரும்புகிறதா? தீயைச் சிறிதாக்க முடியாத அடுப்பு சோற்றைக் கருக்கி விடும்.

4. டப்பா சேரும் இடத்தில் ரப்பர் வளையம் புதிதாக இருக்கிறதா? வெடிப்பு விட்டிருந்தால் வேண்டாம்.

5. தரமுத்திரை இருக்கிறதா? செய்தவர் பெயரும் ஊரும் அச்சிடப்பட்டிருக்கிறதா? பெயர் போட வெட்கப்படுகிறவரின் பொருளை நாம் ஏன் வாங்க வேண்டும்?

6. தானே பற்றிக்கொள்ளும் பொத்தான் இருந்தாலும் சரி, தீப்பெட்டி ஒன்று தனியே வையுங்கள். ஈரத்திலும் மலை உயரத்திலும் அந்தப் பொத்தான் கை விட்டு விடும்.

வீட்டுக்கு வந்ததும், புறப்படுவதற்கு முன்பே, ஒரு முறை வெளி முற்றத்தில் வைத்து எரித்துப் பாருங்கள். சேரும் இடத்தில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிகிறது என்று பொருள். கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு பரவித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். எனவே பள்ளமான இடத்தில் அடுப்பை வைக்கக் கூடாது.

மூடிய இடத்தில் கூடவே கூடாது!

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். தாய்மார்கள் தயவு செய்து மனதில் வைக்க வேண்டும்.

கூடாரத்துக்குள், வேனுக்குள், கதவு சாத்திய அறைக்குள் அடுப்பு எரிக்கக் கூடாது. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று கரி அடுப்பை உள்ளே வைத்துக் கொண்டு தூங்கவே கூடாது.

காற்று போதாத இடத்தில் நெருப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. கண் எரியாது. இருமல் வராது. நம் ரத்தம் பிராணவாயுவைப் பிடித்துக் கொள்வதைவிட 200 மடங்கு பலமாக இந்த விஷத்தைப் பிடித்துக் கொள்ளும். தலை வலிக்கும்; தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தில் இருந்து எழுவதில்லை.

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொடைக்கானலில் ஒரு விடுதியில் இப்படித்தான் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். இறைச்சி சுட்ட கரி அடுப்பு அவர்கள் இருந்த இடத்திலேயே புகைந்து கொண்டிருந்தது.

அனுபவம் உள்ளவர்களையும் இந்த விஷம் விடாது. 1934-ம் ஆண்டு தென் துருவப் பனியில் ஒரு குடிசையில் தனியே தங்கி இருந்தார், அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்டு பேர்டு. அடுப்புப் புகையும் எஞ்சின் புகையும் சரியாக வெளியேறவில்லை. அவர் உடல் நலிந்தது. ரேடியோவில் அவர் அனுப்பிய செய்திகள் தாறுமாறாக இருந்ததைக் கண்டு, தோழர்கள் விரைந்து வந்து அவரைக் காப்பாற்றினார்கள். அவருக்கு ரேடியோ இருந்தது. தூங்கும் குழந்தைக்கு என்ன இருக்கிறது?

காட்டில் கட்டுச்சோறு

காட்டுக்குள் நடந்து போகிறவர்கள் எந்த அடுப்பை எடுத்துப் போவது? எதையும் வேண்டாம்!

சரணாலயத்துக்குள் தீ மூட்டுவது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். 2018-ம் ஆண்டு மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டதை நாம் மறக்க முடியுமா? மலையில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை அன்று நாடே கண்டது.

காட்டுக்கு நம் முன்னோர்கள் கண்ட வழி இருக்கிறது. அதுதான் கட்டுச்சோறு. புளியோதரை, மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, அவல், பொரிகடலை, ஒரு பிளாஸ்கில் வெந்நீர். அடுப்பும் வேண்டாம், அச்சமும் வேண்டாம்.

தடை மட்டும் போதாது

"எதற்காக வழியில் சமைக்க வேண்டும்? ஓட்டலில் சாப்பிடலாமே!" என்று சிலர் சொல்கிறார்கள். பணம் உள்ளவர்கள் பேச்சு அது. பத்துப் பேர் உள்ள குடும்பம் மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டால், ஊர் பார்க்க வைத்த பணம் இலையிலேயே தீர்ந்து விடும். கைக்குழந்தைக்கு இரவு பன்னிரண்டு மணிக்குப் பால் காய்ச்ச வேண்டும். சர்க்கரை வியாதி உள்ள பெரியவருக்குத் தனிச் சாப்பாடு வேண்டும். அதனால்தான் அவர்கள் சாலை ஓரத்தில், மர நிழலில், லாரிகள் பறக்கும் இடத்தில் அடுப்பு மூட்டுகிறார்கள்.

"மூட்டாதே" என்று பலகை வைத்தால் மட்டும் போதுமா? எங்கே மூட்டலாம் என்பதையும் காட்ட வேண்டாமா?

மக்கள் கூட்டமாக வரும் ஒவ்வொரு சுற்றுலா ஊரிலும், கோவில் ஊரிலும், நகரசபை ஒரு பொதுச் சமையல் கொட்டகை கட்ட வேண்டும். நான்கு பக்கமும் திறந்த கொட்டகை. சிமெண்டு மேடை. தண்ணீர்க் குழாய். ஒரு வாளி மணல். ஒரு காவலாளி. சிறு கட்டணம் வாங்கினாலும் மக்கள் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். சாலையும் சுத்தமாக இருக்கும், காடும் பிழைக்கும், குழந்தைகளுக்கும் ஆபத்து இல்லை. பல லட்சம் செலவில் அலங்கார வளைவு கட்டுவதைவிட இது பெரிய உபகாரம்.

அந்தக் கொட்டகை வரும் வரை நம் பாதுகாப்பு நம் கையில்தான் இருக்கிறது. ரெயிலில் அடுப்பு இல்லை. காட்டில் அடுப்பு இல்லை. கூடாரத்துக்குள் அடுப்பு இல்லை. திறந்த வெளியில், சமமான தரையில், தாழ்ந்து உட்காரும் உறுதியான சிறிய அடுப்பு ஒன்று. அது எரியும் வரை பக்கத்தில் ஒரு பெரியவர்.

புறப்படுகிற அன்று வீட்டுச் சாவியைச் சரி பார்க்கிறோம் அல்லவா? அதோடு அடுப்பின் திருகையும் ஒரு முறை சரி பாருங்கள்.